நம்ம புள்ளதானே!

ஒரு மாணவி என்னை நம்பிச் சொன்னதை நான் அவளுடைய அப்பாவிடம் போட்டு உடைத்தேன். அவளைக் கேட்கவில்லை. என்னை யாரும் வற்புறுத்தவும் இல்லை. வெள்ளிக்கிழமை, கோயில், அன்னதான வரிசை, கையில் தட்டு... சொல்லிவிட்டேன்.

அப்போது நான் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர். பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்பதற்கென்றே எனக்குச் சம்பளம். கேட்பதற்கு. கேட்டதைப் பரப்புவதற்கு அல்ல.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களோடு என்னவெல்லாமோ பேசியிருக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனது, என் பல்செட் தொலைந்து குளிர்பெட்டியில் கிடைத்தது... இதை மட்டும் பேசியதில்லை. போன மாதம் ஒரு பெண் கேட்ட கேள்விதான் பேச வைத்தது.

ஒரு பள்ளியில் மாணவர் நல வாரம். ஓய்வுபெற்ற ஆலோசகர் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். கசக்குமா? மனைவி போனபிறகு ஜெலுத்தோங் வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரோடு மட்டும்தான். அவர் பதில் சொல்வதில்லை. மண்டபம் நிறையப் பிள்ளைகள் என்றதும் புதுச்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிகள் எவ்வளவோ மாறிவிட்டன. தனியாகச் சாப்பிடும் பிள்ளையோடு போய் உட்காருவதற்கு ஒரு மாணவர் அணி இருக்கிறது. பரீட்சை பயத்துக்கு மூச்சுப் பயிற்சி இருக்கிறது. எங்கள் காலத்தில் மூச்சு தானாக வரும், போகும் — அவ்வளவுதான்.

நான் மலாயில் முழங்கினேன். மனதில் உள்ளதை ஆலோசக ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள் என்றேன். கைதட்டல். கேள்வி நேரத்தில் நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தமிழில் கேட்டாள்.

"சார், நாங்க சொன்னா எங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

மண்டபத்தில் அங்கங்கே சிதறி உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"சொல்ல மாட்டோம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து, அந்தப் பள்ளியின் ஆலோசக ஆசிரியை தன் அறையில் கோப்பி கொடுத்தார். கஸ்தூரி என்று பெயர். சின்ன வயது, சிரித்த முகம்.

"எங்கிட்ட மலாய்ப் பிள்ளைங்க வருவாங்க, சீனப் பிள்ளைங்க வருவாங்க. நம்ம பிள்ளைங்க மட்டும் பக்கத்து ரூமுக்குப் போயிடுவாங்க சார். அங்க இருக்கறது சீன டீச்சர். அவங்ககிட்ட தட்டுத் தடுமாறி மலாய்ல அழுவாங்க."

"ஏன்மா? உங்ககிட்ட தமிழ்லயே பேசலாமே?"

"அதான் சார் பிரச்சினையே. தமிழ் தெரிஞ்ச டீச்சர்னா அவங்க அம்மாவையும் தெரியும்லா."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நான் கோயிலுக்கே இப்ப பாலிக் புலாவ் போறேன் சார். இங்க போனா 'டீச்சர், எம்பொண்ணு என்னா சொல்லுச்சு'ன்னு அம்மாமாருங்க பிடிச்சிக்கிறாங்க. சாமிகிட்ட பேச விட்டாத்தானே!"

பிள்ளைகளின் ரகசியத்துக்காகத் தீவின் மறுபக்கம் போய்ச் சாமி கும்பிடுகிறார் இந்தப் பெண். நான்?

அந்த மாணவிக்கு ரோஷினி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. நான்காம் படிவம், பதினாறு வயது. ஒரு நாள் என் அறைக்கு வந்து, கதவைத் தானே சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ரெஹாட் இடைவேளையில் தன்னோடு சாப்பிட யாரும் இல்லை, ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றாள். பிறகு கேட்டாள் — "சார், பெரியாஸ்பத்திரியில இதுக்கு டாக்டர் இருக்காங்களாமே... நான் போய்ப் பாக்கலாமா?"

எவ்வளவு தெளிவான பிள்ளை! தன் வலியைத் தானே கண்டுபிடித்து, வைத்தியத்தையும் தானே கேட்டாள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டில் சொல்லியே ஆக வேண்டும்; அதையும் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இது நான் படித்துப் பாஸான பாடம். இங்கே அப்படி ஆபத்து எதுவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வா என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

வரிசையில் எனக்கு முன்னால் அவளுடைய அப்பா. அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. நல்ல மனிதர். நலம் விசாரித்தார். நான் பதிலுக்கு, "பொண்ணு கொஞ்சம் மனசு ஒடிஞ்சிருக்காப்பா, டாக்டர பாக்கணுங்கறா, கவனிங்க" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

கொஞ்ச நாளில் அவளைக் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பள்ளி மாற்றிவிட்டார்கள். பாடப்புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அப்பாவோடு வந்தவள், என் அறையைத் தாண்டித்தான் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மலாய்ப் பிள்ளை சொன்னதையோ சீனப் பிள்ளை சொன்னதையோ நான் ஒருநாளும் வெளியே விட்டதில்லை. அவ்வளவு ஒழுங்கு! தமிழ்ப் பிள்ளை என்றால் மட்டும் அந்த ஒழுங்கு எங்கே போனது? 'நம்ம புள்ளதானே' என்ற ஒரு சொல்லில் போனது. அந்த 'நம்ம'வில் நான் இருக்கிறேன், அப்பா இருக்கிறார், கோயில் வரிசையே இருக்கிறது. அந்தப் புள்ள மட்டும் இல்லை.

கோயிலில் சொன்ன அன்றிரவு மனைவியிடமும் சொன்னேன். "உங்க வாய்க்கு ஒரு ஜிப்பு தச்சி விடணும்" என்றாள். பகடி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மண்டபத்துக் கேள்விக்குப் பிறகு, ரோஷினியைப் பார்த்து மன்னிப்புக் கேட்காமல் இருக்க முடியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் இப்போது 'அவர்' ஆகியிருப்பார்; அப்பா உயிரோடு இல்லை. அந்த அத்தை மட்டும் தீவுக்கே வந்து மகனோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவார்.

அதே கோயில். அதே வரிசை. போய் நம்பர் கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம் இல்லையா? 'பழைய மாணவி, பேசணும்' என்றால் போதாதா? நான் என்ன செய்தேன் தெரியுமா? மனம் உருகி, முழுவதையும் கொட்டினேன். அவள் என்னிடம் சொன்னது, நான் அப்பாவிடம் சொன்னது, அதனால்தான் இவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது... எல்லாம்.

அத்தை வாயைப் பிளந்தார். "அப்படியா சார்? செபராங் ஜெயா ஸ்கூலு நல்லாருக்கும்னுதானே அண்ணன் சொன்னாரு!"

அவருக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடம் அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியாமல் இருந்ததை, அவரிடமும் போய்ச் சேர்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிற வழியில், அதே தவறை, அதே இடத்தில்!

சாயங்காலமே போன் வந்தது.

"சார், நான் ரோஷினி. அத்தைகிட்ட என்னா சொன்னீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. களைத்த குரல். இப்படி ஏதாவது ஒரு நாள் நடக்கும் என்று காத்திருந்தவர் மாதிரி. நேரில் வருகிறேன் என்றேன். பாயான் பாருவில் ஓர் உணவங்காடியின் பெயரைச் சொன்னார். பக்கத்தில்தான் அவருக்கு வேலை.

மதிய நேரம், ஒரே இரைச்சல். "ஏம்மா இங்க?" என்றேன்.

"சுத்தியும் சீனங்க. நம்ம பேசறது யாருக்கும் புரியாது. அதான்."

சொல்லி வாய் மூடவில்லை — பானம் விற்கும் சீன அம்மா வந்து நின்றார். "அங்கிள், என்னா தண்ணி? சூடாவா, ஐஸ் போட்டதா?" அச்சுத் தமிழ்! சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தாராம்.

ரோஷினி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வெடித்தது. அந்த அம்மா போகும்வரை வானிலையைப் பற்றிப் பேசினோம்.

பிறகு மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"வீட்டுல சொன்னதுகூட பரவால்ல சார். கோயில்ல சொன்னீங்க பாருங்க... அப்பா அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேட்டது, 'உனக்கு என்னம்மா பண்ணுது'ன்னு இல்ல. 'வேற யாருக்குத் தெரியும்'னுதான் கேட்டாரு."

கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு மேலே சொன்னார்.

"நீங்க எதையும் வெளிய சொல்ல மாட்டீங்கன்னு ஸ்கூல் ஃபுல்லா பேச்சு சார். மலாய்க்காரப் பிரண்டுதான் சொல்லி அனுப்புனா. அத நம்பித்தான் வந்தேன்."

"நம்ம புள்ளயாச்சேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நம்ம புள்ளன்னா கூடுதலாத்தானே சார் பாத்துக்கணும்?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "அது எனக்குத் தெரியல சார், பொய் சொல்ல விரும்பல" என்றார். நான் என்ன செய்தால் ஆறுதலாக இருக்கும் என்று கேட்டேன். "அத்தைகிட்ட மறுபடி போயி விளக்கம் சொல்லாதீங்க. யாருகிட்டயும் எதுவும் சொல்லாம இருங்க. அது போதும்."

ஆயுள் முழுக்க வாயால் பிழைத்தவனுக்குச் சும்மா இருப்பதுதான் பரிகாரம்!

அடுத்த வெள்ளிக்கிழமையே சோதனை வந்தது. அத்தை வரிசையில் இடித்துக்கொண்டு வந்து, "சார், பாத்தீங்களாமே? என்னா சொன்னா?" என்றார்.

"பாயசம் நல்லாருக்கு" என்றேன்.

"நான் அத கேக்கல சார்..."

"முந்திரி நெறைய போட்டிருக்காங்க."

எனக்கு வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார். போகட்டும்.

இதை எழுதலாமா என்று ரோஷினியைத்தான் கேட்டேன். பெயரை அவரே தேர்ந்தெடுத்தார் — "கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும் சார்." எழுதி முடித்து, போனில் முழுவதும் படித்துக் காட்டினேன். சீன அம்மா வரும் இடத்தில் சிரித்தார். அப்பா வரும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். கடைசியில், "அந்த ஒரு பாராவ மட்டும் எடுத்துடுங்க சார்" என்றார்.

உணவங்காடியில் எழுந்து போவதற்கு முன் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். அவராகவே மறுபடியும் உட்கார்ந்து சொன்னார். அந்தப் பாராதான் அது. நான் எழுதியதிலேயே நல்ல பாரா. எடுத்துவிட்டேன்.

பேச ஆளில்லாத வீட்டில் ரகசியம் காப்பது பெரிய சாதனையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். மகன் வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்பதோடு சரி. பழைய நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வெகுநாளாக என்னிடம் யாரும் எதையும் நம்பிச் சொன்னதில்லை. இப்போது ஒன்று இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்தபிறகும் அது என்னோடு இருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது... சொல்வதற்கு எனக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான்.

அதனால், கோயில் வரிசையில் என்னைப் பார்த்தால் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், பாயசத்தைப் பற்றித்தான் சொல்வேன்.