விதானை வேலையா, கிணறா?

கரம்பையடிக் கிராமச்சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை புகையிலைத் தோட்டக்காரர். அவருடைய தகப்பன் அவ்வூர் விதானையாக, அதாவது அரசாங்கம் நியமித்த ஊர் அதிகாரியாக இருந்தவர். அவர் கண்மூடியதும் அரசாங்கம் அந்த வேலையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. விதானையார் வீடு என்ற பேர் திரும்ப வேண்டுமென்று மனைவி நாகேஸ்வரி ஏங்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் மறுபடி காலியானதும், சங்கத் தேர்தலில் நிற்கும் முன்பே, ஆழ்வாப்பிள்ளை அதற்கு மனுப்போட்டிருந்தார். பதில் வரவில்லை.

1938 மாசியில் சங்கம் கூடியது. கிழக்குப் பனங்கூடலில் கள்ளுச் சீவும் தொழில் செய்யும் குடும்பங்களுக்குப் பொதுக்கிணறு வெட்டுவதா, இல்லையா என்பதே பேச்சு. பிறர் கிணற்றை அவர்கள் தொடக்கூடாது; கிணற்றடியில் காத்துநின்று, யாராவது இரங்கி வார்த்தால்தான் அவர்களுக்குத் தண்ணீர். முந்தின கோடையில் குளத்துக் கலங்கலைக் குடித்து அங்கே குழந்தைகள் செத்திருந்தன. உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். தலைவரின் வாக்குத்தான் முடிவு.

கூட்டம் தொடங்குமுன் தியாகராசா அவரை வெளியே கூப்பிட்டார். கிணறு வேண்டாம் என்ற கட்சிக்காரர், விதானைகளுக்கு மேலதிகாரியான மணியகாரரின் மைத்துனர்.

"அண்ணை, விதானை வேலை உங்களுக்குத்தான். மணியகாரர் சொல்லிவிட்டவர். இப்பவே ஓம் எண்டு சொல்லவேணுமாம்."

ஆழ்வாப்பிள்ளை தவணை கேட்டார். "கூட்டம் முடியச் சொல்லுறன்."

"அரசாங்க வேலைக்காரன் சங்கத்திலை இருக்கேலாது, தெரியாதே? ஓம் எண்டால் கதிரையை இப்பவே விடவேணும். வாக்குப் போட்டிட்டு வேலையை எடுத்தியளெண்டால், வேலையை மடியிலை வைச்சுக்கொண்டு போட்ட வாக்கெண்டு நானே பெட்டிசம் எழுதுவன். கிணத்துக் கடதாசி அரசாங்கக் கச்சேரியிலை கிடந்து உக்கும்."

வீட்டுக்கும் சேதி போயிருந்தது. நாகேஸ்வரி மூச்சிரைக்கச் சங்க வாசல் படலையடிக்கு வந்துவிட்டாள். "இஞ்சருங்கோ, ஓம் எண்டு சொல்லிப்போட்டியளே?"

அவளுக்குப் பின்னால், தெருவோரத்தில், பனங்கூடல் சனங்கள் நின்றார்கள். ஆழ்வாப்பிள்ளை பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்தார்.

"எனக்கு விதானை வேலை வந்திருக்கு," என்றார் எல்லாருக்கும் கேட்க. "எனக்கு அது வேண்டாம். இண்டைக்குமில்லை, பிறகுமில்லை. இனி வாக்கெடுப்பம்."

தியாகராசாவின் முகம் கறுத்தது. கிணறு நிறைவேறியது.

தியாகராசாவின் தமையன் விதானையானார். ஆழ்வாப்பிள்ளையின் மாடுகள் எல்லை தாண்டியதாகப் பிடித்துக் கட்டப்பட்டன. வெட்டிய கிணற்றுக்குள் யாரோ செத்த நாயைப் போட்டார்கள். பனங்கூடலார் இறைத்துத் துப்புரவாக்கி மறுபடி குடித்தார்கள். அடுத்த தேர்தலில் ஆழ்வாப்பிள்ளை தோற்றார்.

ஒருநாள் நாகேஸ்வரி சோறு போட்டபடி சொன்னாள்: "கிணறு வெட்டினது பிழையெண்டு நான் சொல்லேல்லை. படலையடியிலை நிண்ட எனக்கு ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்."

ஆழ்வாப்பிள்ளை தலைகுனிந்து சாப்பிட்டார்.