ரம் வாசனையும் பத்மாவின் அப்பாவும்

போன வாரம் என் மகள் ஏர்போர்ட்டில் வாங்கி வந்த பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கியாம். "கடைசி சில மாசம் மட்டும் ரம் இருந்த பீப்பாய்ல ஊற வச்சிருக்காங்கம்மா. ரம்மை எடுத்துட்டாலும் வாசனை மரத்துலயே நிக்குமாம்" என்றாள்.

எங்கள் வீட்டு மேசைக்குப் பாட்டில் வருவதற்கு நான் பழகிச் சில வருஷமாகிறது. குடிக்கத்தான் பழகவில்லை. ஆனால் மூக்கு சும்மா இருக்குமா? மூடியைத் திறந்து முகர்ந்தேன். முதலில் மருந்துக்கடைக் காரம். பின்னாலேயே வெல்லப்பாகு லேசாகத் தீய்ந்த வாசம். அவ்வளவுதான், ஓசூர் பாகலூர் ரோட்டு லைன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வீட்டில் என்னோடு இருந்தவள் பத்மா. சுவிட்ச் செய்யும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து ஸ்டூல். நான் சாத்தூர்ப் பக்கம், அவள் சாமல்பட்டி. என் தமிழை அவள் கிண்டலடிப்பாள், அவள் தமிழை நான். வீட்டுக்காரர் கௌரம்மாவின் கன்னடம் கலந்த தமிழை இருவரும் சேர்ந்துகொண்டு.

அப்போதெல்லாம் மார்கழியில் ஓசூர்க் குழாயைத் தொடவே மனசு வராது. சாத்தூர் வெயிலில் வளர்ந்த நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு மூட்டை மாதிரி ஷிப்டுக்குப் போவேன். ஆனால் படுத்தது என்னவோ பத்மாதான். காய்ச்சல் மாத்திரையில் இறங்கிவிட்டது, இருமல் இறங்கவில்லை. கௌரம்மாவின் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கேன்டீனில் வரும் ரம் பாட்டிலைக் கௌரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்தார்.

"பயப்படபேடா. ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல குடி. ஸ்வல்பம் நெஞ்சு மேல தேய்ச்சுக்கோ."

பத்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா குடிப்பவர். ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். "குடிச்சா அடிக்க மாட்டாருடி, அழுவாரு. அதான் தாங்க முடியல" என்றாள். ஒன்றரை வருஷமாக ஊருக்கே போகவில்லை. கடிதம்கூட அம்மாவுக்கு மட்டும்தான். இருமல் படுத்திய பாடு தாங்காமல் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நான் நெஞ்சில் தேய்த்துவிட்டேன். கை தாராளமாகிப் பாதி பாயில் கொட்டிவிட்டது. அறையே மணந்தது.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "பத்மா இங்கதான இருக்குது?" என்று வாசலில் ஒரு குரல். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் நிலக்கடலைப் பை. யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பத்மாவின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது. ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி வந்திருக்கிறார். சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு கால் வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சிரிப்பு போய்விட்டது. பாட்டிலைப் பார்த்தார். சிவந்த கண்ணோடு படுத்திருந்த மகளைப் பார்த்தார்.

வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இழுத்துப் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசமாச்சும்மா, நான் வுட்டு. அதச் சொல்லத்தான் வந்தன். அதுக்குள்ள எம்புத்தி உனக்கு வந்துடுச்சே."

பத்மாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "மருந்துப்பா. குடிக்கிறவ எவளாச்சும் இப்படிக் கம்பளியப் போத்திக்கினு குடிப்பாளா?"

நானும் முந்திக்கொண்டு கௌரம்மா, பட்டாளம், இருமல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. துண்டால் மூக்கை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அந்த பாட்டில அவங்ககிட்டயே குடுத்துடும்மா. பொண்ணுக்காக இல்ல. எனக்காக."

வாய்விட்டு அப்படிக் கேட்ட ஆண்பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாட்டிலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கௌரம்மா வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தன. பாயை உதறி வெயிலில் போட்டுவிட்டு, மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார் அவர். இரண்டு நாள் தங்கினார். எங்களுக்குக் களி கிண்டிப் போட்டார். அதில் கட்டி விழுந்திருந்தது. இருவரும் அதை நசுக்கி நசுக்கிச் சாப்பிட்டோம்.

பிறகு மாதம் ஒரு முறை வருவார். கம்பெனி பஸ்ஸிலிருந்து பத்மா இறங்கியதும் அவள் முகத்தருகே குனிந்து 'ஹா' என்று ஊதுவார். "பாத்துக்கோ, வாசன வருதா" என்பார். பஸ்ஸில் இருக்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள். "நடுரோட்டுல மானத்த வாங்காதப்பா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துப் போவாள்.

அந்த லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கௌரம்மா குடும்பம் மைசூர்ப் பக்கம் போனது. அந்தக் குளிரும் எங்கே போனதோ, இப்போது மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது. பத்மா போச்சம்பள்ளியில் இருக்கிறாள். முகர்ந்த கையோடு அவளுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் சிரித்தோம். பிறகு அவள் குரல் இறங்கியது.

"அப்பா கடைசியில ஆஸ்பத்திரியில இருந்தாரில்ல, மூச்சே வுட முடியல. அப்பவும் நான் உள்ள போனா, முகத்தக் கிட்டக் கொண்டாந்து ஊதப் பாப்பாருடி. போதும்ப்பா, நான் நம்பறன்னு சொன்னன். அதுக்கப்புறந்தான் நிறுத்தினாரு."