லிங்கராஜபுரத்தில் நாற்காலியை ஊதிவிட்டு உட்கார்ந்த மாலை

நம் கிறிஸ்மஸ் முடிந்து, ஜனவரி ஆறாம் தேதி மாலை, மர்பி டவுனிலிருந்து லிங்கராஜபுரம் போனேன். என் பேரன் ஸ்டீபன் கட்டியிருப்பது உக்ரைன் பெண்ணை, பெயர் ஒக்ஸானா. அவள் அம்மா ஹன்னா கிராமத்துக்காரர். சண்டைக்குத் தப்பி மகளிடம் வந்துவிட்டவர். அவருடைய பழைய காலண்டர் கணக்கில் அன்றுதான் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். சம்பந்தி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்தேன். நாலு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய்.

"பண்டிகை முடிஞ்சு போச்சே பெரிம்மா, கேக்கு தூக்கிக்கினு எங்க?" என்றார் டிரைவர்.

"எங்க வீட்ல வருஷத்துக்கு ரெண்டு கிறிஸ்மஸ்ப்பா!"

மேசையில் பன்னிரண்டு பதார்த்தம். கறி, முட்டை, பால் எதுவும் ஆகாதாம். என் கேக் அலமாரிக்குள் போனது. மூலையில் ஒரு ராகிக் கதிர்க்கட்டு நின்றது. அவர்கள் ஊரில் கோதுமைக் கதிர் வைப்பார்கள். செத்துப்போன முன்னோர் அன்று வந்து அதில் தங்குவார்களாம். இங்கே கோதுமைக் கதிருக்கு எங்கே போவது? ஸ்டீபன் ஹொஸ்கோட்டே பக்கமிருந்து ராகி கொண்டு வந்திருந்தான்.

"ராகிய பாத்து அவங்களுக்கு அடையாளம் தெரியுமான்னு அம்மாக்கு பயம்," என்றாள் ஒக்ஸானா.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேசைக்கு வந்தோம். நான் உட்காரப் போனேன்.

"பாட்டி, நில்லுங்க! மொதல்ல ஊதுங்க!" என்று தடுத்தாள் ஒக்ஸானா.

வந்திருக்கும் ஆத்மா மேல் நாம் தெரியாமல் உட்கார்ந்துவிடக் கூடாதாம். அவரவர் நாற்காலியை அவரவர் ஊதினோம்.

ஒரு நாற்காலி மட்டும் மீதி. அது ஹன்னாவின் மகன் தாராஸுக்கு. போர்முனைக்குப் போனவன், இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவன் தட்டுக்குப் பக்கத்தில் கரண்டி வைத்தால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். மெழுகுவர்த்தி வைத்தால் இல்லை என்று அர்த்தம். ஹன்னா இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"அவங்களுக்கு தைரியம் இல்லயாம் பாட்டி. அந்த சேர் காலியான்னு நீங்க ஊதிப் பாக்கணுமாம்," என்றான் ஸ்டீபன்.

குனிந்து ஊதினேன். என் நாற்காலியை ஊதியபோது மூச்சு அப்பால் போயிருந்தது. இங்கே போகவில்லை. எதிரே ஓர் ஆள் முகத்தில் ஊதியதுபோல என் மேலேயே திரும்பி வந்தது, சில்லென்று. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"காலிதான் சம்பந்தி," என்றேன்.

ஹன்னா கரண்டியை வைத்தார். அது தட்டில் பட்டுச் சத்தம் போட்டது. அழுதுகொண்டே சிரித்து, தேனும் கசகசாவும் போட்டு வேகவைத்த கோதுமையை எனக்கு ஊட்டிவிட்டார்.

ஸ்டீபனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படி ஒரு விருந்துக்குப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போங்கள். நட்சத்திரம் வருவதற்குள் போய்ச் சேருங்கள். உங்கள் நாற்காலியை ஊதிவிட்டு உட்காருங்கள். இன்னொருவர் நாற்காலியை ஊதச் சொன்னால், என்ன பதில் சொல்வது என்று ஊதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.