ஆறு இலக்கமும்

சைக்கிளிலிருந்து விழுந்த மகளுக்குத் தலையில் அடி. "கதை குடுத்துக்கொண்டிருங்கோ அம்மா, தடுமாறுறாவோ எண்டு பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார் டொக்டர். அவளுடைய சீருடையில் ஈரமண் மணத்தது. அது எங்கள் பதுங்குகுழியின் மணம்.

பொம்மர் விமானம் இரையும்போதெல்லாம் அக்கா அந்த மண்சுவரில் ஈர்க்கால் 142857 என்று எழுதி, என்னைப் பெருக்கச் சொல்வாள். இரண்டால் பெருக்கினால் 285714. ஐந்தால் பெருக்கினால் 714285. ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள், அதே சுற்று. முன்னால் நிற்பது மட்டும் மாறும். குழிக்குள் நாங்களும் ஆறு பேர். ஒருநாள் என் விடையில் ஏழு என்ற இலக்கத்தைக் காணவில்லை. ஐயாவும் இன்னும் இறங்கவில்லை. நான் அழத் தொடங்கினேன்.

"விசரி, உன்ரை கணக்குத்தான் பிழை. உதிலை ஒண்டும் குறையாது. திரும்பச் செய்."

செய்தேன். ஏழு வந்தது. சற்றுக் கழித்து ஐயாவின் கால் படியில் தெரிந்தது.

ஒன்றை ஏழால் வகுத்தால் தசமத்தில் திரும்பத் திரும்ப வருவது அந்த ஆறும்தான் என்று பிறகு படித்தேன். பிரமிப்பு மட்டும் தீரவில்லை. மகளுக்கும் அதைப் பழக்கியிருந்தேன்.

"பிள்ளை, எங்கடை நம்பரை மூண்டாலை பெருக்கு."

"நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு..." நிறுத்தினாள். அடுத்தது ஏழு.

"ஏழு, ஒண்டு. ஏனம்மா அழுறியள்?"