நஜ்முதீன் பாய் கேட்ட மன்னிப்பு

நஜ்முதீன் பாய்க்குத் திட்டத் தெரியாது. கோலசிலாங்கூரில் இருபத்தாறு வருடமாக உணவகம் நடத்துகிற மனிதருக்கு இது பெரிய குறை என்பது என் கட்சி. பக்கத்துக் கடை என்னுடையது. போட்டோஸ்டாட் எடுப்பேன், பாரம் நிரப்பிக் கொடுப்பேன், கடிதம் டைப் அடிப்பேன். நடுவில் ஒரே சுவர். நான் வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தினால் அந்தப் பக்கமிருந்து, “கண்மணி, மெதுவா லா” என்று வரும்.

யாராவது இணையத்தில் அவருடைய மீன் தலைக் கறியில் உப்பு கூடிப்போனதாக எழுதினால், போனை அடுப்படிக்கே கொண்டுபோய்ச் சமையல்காரரிடம் வாசித்துக் காட்டுவார். பிறகு எழுதியவருக்கு நன்றி சொல்லிப் பதில் போடுவார். நானாக இருந்தால் எழுதியவனைத் தேடிப் பிடித்திருப்பேன்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அவதூறு வழக்குப் போடுவதாக ஒரு விமான நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்கும் ஒரு கடை இருக்கிறது.

நடந்தது இதுதான். தொண்டியில் இருந்த அவருடைய லாத்தா, அதாவது அக்கா இஸ்மத், ஒரு நாள் காலையில் இறந்துபோனார். தாய் இல்லாத பாயைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தம்பி வந்து முகம் பார்க்கட்டும் என்று அடக்கத்தை மறுநாள் காலைக்குத் தள்ளி வைத்தார்கள். பாயும் மனைவி ஹமீதாவும் அன்று மாலை திருச்சி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கவுண்டரில், சிஸ்டம் கோளாறு, உங்கள் இருவர் பெயரும் பட்டியலில் இல்லை, விமானத்தில் இடமும் இல்லை என்றார்கள். இவர்கள் ஒதுங்கி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோதே, பின்னால் வந்த இருவருக்கு அதே கவுண்டரில் புது டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். இவர்கள் தொண்டி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

திரும்பி வந்ததும் பாய் பேஸ்புக்கில் எழுதினார். எங்கள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, எங்களிடம் சிஸ்டம் கோளாறு என்று பொய் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒரு வசைச்சொல் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள்.

நோன்பு மாதத்தில் வக்கீல் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். பதிவை நீக்க வேண்டும், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு. தோற்றால் கடையே கைவிட்டுப் போகும். பாய் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, “பெருநாள் முடியட்டும், பதில் சொல்றேன்” என்று மரியாதையாகத் தவணை வாங்கினார். அதோடு விட்டாரா? அந்த எண்ணையும் போனில் சேமித்து வைத்துக்கொண்டார்.

நோன்புப் பெருநாள் காலையில் இந்த நாட்டு முஸ்லிம்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’, உள்ளும் புறமும் செய்த பிழை பொறுக்கவும் என்று போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே தட்டில் செய்தி அனுப்பினார். வருடா வருடம் அனுப்புவதுதான். கூடவே சொந்தமாக ஒரு வரி சேர்ப்பார்: நான் பேசியதிலும் எழுதியதிலும் தவறிருந்தால் மன்னித்துவிடுங்கள். அத்தனை பேரில் வக்கீல் அலுவலகமும் இருந்தது.

விடுமுறை கழிந்து பதில் வந்தது. உங்கள் மன்னிப்பை எங்கள் கட்சிக்காரர் ஏற்றுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதிவை நீக்கிவிட்டால் மேல் நடவடிக்கை இல்லை.

எனக்கு உயிர் வந்தது. ஹமீதா அக்கா எனக்கு ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கு கொடுத்தார். வியாழக்கிழமை மதியம் பாய் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கண்மணி, ஒரு லெட்டர் அடிக்கணும்.”

பதிவை நீக்க மறுத்துத்தான் என்று கேட்காமலே புரிந்துவிட்டது.

“அடிக்க மாட்டேன் பாய். கிணத்துல விழுந்தவரு தப்பிச்சு வந்துட்டீங்க, திரும்பக் குதிக்காதீங்க.”

“அந்த ஆபீஸ்ல யார் மனசாவது நோக நான் பேசியிருந்தா, அதுக்கு மன்னிப்புத்தான். நூறு தடவ கேப்பேன். ஆனா எழுதினது பொய்னு நான் சொல்லலையே. இப்போ பதிவ எடுத்தா நானே அதைப் பொய்னு சொன்ன மாதிரிதானே?”

“உங்க போன்ல இருந்து எடுக்கப் போறீங்க. யாருக்கு என்ன தெரியும்?”

“லாத்தா முகத்த நான் ஏன் பாக்கலன்னு ஊர்ல இன்னும் கேக்குறாங்கம்மா. நான் வேற என்ன சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதருக்கு வேறு எப்போதுமே பிடிவாதம் கிடையாது. வெங்காயக்காரன் எடையில் ஏமாற்றினால்கூடச் சிரித்துவிட்டுப் போகிறவர். இதில் போய்ப் பிடித்துக்கொண்டாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டைப் அடித்தேன். மன்னிப்பு மனிதருக்கு மனிதர் கேட்டது, எழுதியது நான் கண்ணால் கண்டது, ஆகவே பதிவு இருக்கும். மூன்றே வரி.

அப்போதுதான் ஹமீதா அக்கா உள்ளே வந்தார். கல்லாவில் ஆளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறார். தாளை எடுத்து நின்றபடியே படித்தார். வக்கீல் கடிதம் வந்த நாளிலிருந்து, “மௌத்தானவங்க திரும்பி வரப்போறதில்ல, கடையும் போகணுமா?” என்று அழுதுகொண்டிருந்தவர் அவர். கிழிப்பார் என்றுதான் நினைத்தேன். கிழிக்கட்டும் என்றும் நினைத்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பாய் தலை நிமிரவில்லை. “ஹமீதா, கடைக்கு ஏதாச்சும் ஆனா…” என்று ஆரம்பித்தார்.

அக்கா அவரைப் பார்க்காமல் தாளை என் முன்னால் வைத்தார்.

“இவங்க மட்டும் கண்டதா ஏன் அடிச்சிருக்க? அந்தக் கவுண்டர்ல நானும்தான் நின்னேன். என் பேரையும் போடு, கண்மணி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறோம்.”