கட்டிலில் தொங்கும் பை

என் கட்டிலின் தலைமாட்டில் ஒரு காக்கித் துணிப்பை தொங்குகிறது. பேத்திக்கு அதைப் பார்த்தாலே கேலி. காட்டூர்ப் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில், எழுபதுகளின் கடைசியில், மதர் தைத்து மாட்டிய பைகளைப் பார்த்துத்தான் இதைத் தைத்தேன்.

மதர் என்று நாங்கள் அழைத்த கன்னியாஸ்திரீதான் அந்த இல்லத்தை நடத்தி வந்தார். நான் சுகாதாரத் துறையிலிருந்து படிவத்தோடு மதிப்பிடப் போனவள். படுக்கை சுத்தமா, டாக்டர் வருகிறாரா, மாத்திரை வேளைக்குக் கொடுக்கிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். கண்டிப்பானவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வெள்ளை விரிப்பில் அசையாமல் படுத்திருந்தார். மூன்று டாக்டர்கள் பார்க்கிறார்கள், ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. எல்லாவற்றுக்கும் 'நன்று' போட்டேன்.

மதர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அவரை எழுப்பிப் பாத்தீங்களா?"

எழுப்பினேன். கண்ணைத் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார்.

"வந்தப்ப நடந்துதான் வந்தாரு. வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. இப்படியே விட்டா தூக்கத்துலயே போயிடுவாரு" என்றார் மதர்.

டாக்டர்கள் மூவரும் வெவ்வேறு கிழமைகளில் வருபவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததே இல்லை. நான் வந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதர் மூவரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, இட்லி பரிமாறி, அந்தக் கார்டு பெரியவரின் மருந்துச் சீட்டுகளை இலைக்குப் பக்கத்தில் பரப்பினாராம். மூவருமே வேறு வேறு பெயரில் தூக்க மாத்திரை எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டிலிலும் மருந்துச் சீட்டுகளைப் போட்டுவைக்க ஒரு பை வந்தது. அதிலுள்ள சீட்டுகளைப் படிக்காமல் யாரும் பேனாவைத் திறக்கக் கூடாது. டாக்டர்களில் மூத்தவர் முகம் சுளித்தும் மதர் மசியவில்லையாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். கார்டின் கட்டில் காலி. நான் 'நன்று' போட்ட அதே கட்டில். மதரைத் தேடி ஓடினேன்.

"வாசல்ல போய்ப் பாருங்க" என்றார் மதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வாசலில் நின்று, தஞ்சாவூர் பஸ்ஸுக்குப் பச்சைத் துண்டை ஆட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தார் கார்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தூங்கினவனுக்கு நல்ல மார்க் போட்ட அம்மா நீங்கதானா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே போய் மதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் பிறந்தது அன்றுதான். படிவத்தின் ஓரத்தில் 'எழுப்பிப் பார்க்கவும்' என்று நானாகவே எழுதினேன். மேலதிகாரி சிவப்பு மையால் அடித்தார். அடுத்த படிவத்திலும் எழுதினேன்.

மதர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது எனக்கும் மூன்று டாக்டர்கள். போன வாரம் நான் அரைக்கண் மூடி அயர்ந்திருந்தபோது வீட்டுக்கு வந்த புது டாக்டர், வந்ததும் பேனாவைத் திறந்தார். கேலி செய்கிற அதே பேத்திதான் பையைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"முதல்ல இதைப் படிங்க டாக்டர். நான் பாட்டியை எழுப்பறேன்."