தண்ணீர் ஆறுமுன்

இத்தாலியில், பலேர்மோ நகரின் கபோ சந்தைக்குப் பின்னால், எங்கள் அட்வென்டிஸ்ட் சபையின் வாடகை மண்டபம். சனிக்கிழமை. திருவிருந்துக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும். பேசினில் சுடுதண்ணீரோடு தங்கையின் முன்னால் முழந்தாளிட்டேன். அவள் கால்விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அம்மா கழுவ முழந்தாளிட்டபோது அவரின் தங்கை, என் சித்தியும் அப்படித்தான் இழுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. கிளிநொச்சிச் சபையில் பெண்கள் கால் கழுவும் அறை, சவர்க்கார வாசம், என் கையில் கால் துடைக்கத் துவாய். பரலோகத்தில் இப்போதும் புத்தகங்களைத் திறந்து ஒவ்வொரு பெயராக விசாரணை நடக்கிறது என்பது அம்மாவின் விசுவாசம்.

“சிலுவையிலேயே எல்லாம் முடிஞ்சுது அக்கா. இனி என்ன விசாரணை?” என்றார் சித்தி.

“சொன்னது பிழையெண்டு சொல்லு. பிறகு கழுவிறன்,” என்றார் அம்மா.

பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் ஆறும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு சித்தி நனையாத காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டுப் பக்கம் அவர் திரும்ப வரவேயில்லை. என் பெயரை எப்போது விசாரிப்பார்களோ என்ற பயத்தைவிட, சித்தி இனி வரமாட்டாரோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

நேற்று போனில் தங்கையும் சித்தி சொன்னதையே சொன்னாள். கத்திக் கத்திச் சண்டை பிடித்தோம்.

“என்னக்கா, கழுவமாட்டியோ?” என்றாள் இப்போது.

அம்மாவின் வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றும் நான் நம்புவது அம்மா சொன்னதைத்தான். பேசினுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. அவளுடைய காலைப் பிடித்து உள்ளே வைத்தேன்.